பி.பி.ஏ., எல்.எல்.பி. சேரலாமா? வக்கீலம்மா பதில்கள்

கேள்வி: அம்மா, வணக்கம். பிளஸ் டூ காமர்ஸ் குரூப்பில் 600க்கு 571 வாங்கியிருக்கிறேன். அப்பா கரூரில் எக்ஸ்போர்ட் கம்பெனிகளுக்கு பெட்ஷீட், கிச்சன் டவல் தைத்துக் கொடுக்கும் ஜாப் ஒர்க் யூனிட் வைத்திருக்கிறார். எனக்கு ஐந்து வருஷ பி.பி.ஏ., எல்.எல்.பி. படிக்க ஆசை. சட்டமும் பிசினஸும் சேர்ந்து படித்தால் கார்ப்பரேட் கம்பெனிகள் கொத்திக்கொண்டு போகும் என்று ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் சொன்னார்கள். வருஷத்துக்கு நாலு லட்சத்துக்கு மேல் ஆகும், ஹாஸ்டல் தனி. யூனிட்டை வைத்து லோன் வாங்க வேண்டும். அப்பா, ‘பி.காம். சேர்ந்து சி.ஏ. படி’ என்கிறார். அம்மா, ‘பொம்பளப் பிள்ளைக்கு கோர்ட் வாசல் எதற்கு’ என்கிறார். மாமா, ‘ஒரே செலவில் ரெண்டு டிகிரி, விடாதே’ என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?
பெயர் வேண்டாம், கரூர்.

பதில்: கண்ணு, முதலில் மார்க்குக்கு வாழ்த்து. மாமாவிடமிருந்து ஆரம்பிக்கிறேன். அவர் சொன்னதில்தான் ஓட்டை பெரிது.

ஐந்து வருஷப் படிப்பில் இரண்டு பட்டத்தின் பெயர் இருப்பது உண்மைதான். ஆனால் வக்கீல்களையும் சட்டப் படிப்பையும் ஒழுங்குபடுத்தும் இந்திய பார் கவுன்சிலின் 2008ஆம் வருஷ விதிப்படி அதை நடுவில் வெட்டி எடுக்க முடியாது. மூன்று வருஷம் படித்துவிட்டு, ‘சட்டம் ஒத்துவரவில்லை, பி.பி.ஏ.வை மட்டும் கொடுங்கள்’ என்று கேட்டால் தர மாட்டார்கள். வேறெங்கோ பி.பி.ஏ. முடித்தவர் நேராக நாலாம் வருஷத்தில் வந்து உட்காரவும் முடியாது. மூன்றாம் வருஷம் மனசு மாறினால் உன் கையில் பிளஸ் டூ சான்றிதழ்தான் இருக்கும். பி.காம். முடித்து, பிறகு மூன்று வருஷ எல்.எல்.பி. படித்தால் மொத்தம் ஆறு வருஷம். ஒரு வருஷம் கூடுதல், ஆனால் நடுவில் இறங்கிக்கொள்ள ஒரு ஸ்டாப் இருக்கிறது. பதினேழு வயதில் வக்கீலாகத்தான் ஆவேன் என்று அடித்துச் சொல்கிற பிள்ளைகளுக்கு ஐந்து வருஷம் லாபம். ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று இரண்டையும் சேர்த்து எடுப்பவர்களுக்கு அதுவே பொறி.

அடுத்தது அந்த ‘பிசினஸ்’. நீ சேர நினைக்கும் இடத்தின் சிலபஸை எடுத்து வைத்துக்கொண்டு பத்து செமஸ்டரிலும் எது சட்டம், எது மேனேஜ்மென்ட் என்று பென்சிலால் டிக் அடித்துப் பார். மேனேஜ்மென்ட் பேப்பர்கள் பெரும்பாலும் முதல் மூன்று வருஷத்தில் முடிந்துவிடும். மேலாண்மைக் கோட்பாடுகள், மார்க்கெட்டிங், மனிதவளம், கொஞ்சம் பொருளாதாரம், கொஞ்சம் அக்கவுன்ட்ஸ், எல்லாம் அறிமுக அளவில். அதை எம்.பி.ஏ. என்று எந்தக் கம்பெனியும் எடுத்துக்கொள்ளாது. வக்காலத்திலும் நீ பி.ஏ., எல்.எல்.பி.யா, பி.பி.ஏ., எல்.எல்.பி.யா என்று நீதிபதி கேட்கப்போவதில்லை. பார் கவுன்சிலில் பதிவு எல்லோருக்கும் ஒன்றுதான், கட்டணமும் ஒன்றுதான். (அந்தக் கட்டணம் மாநிலத்துக்கு மாநிலம் ஆயிரக்கணக்கில் ஏறிக்கொண்டே போனது. 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் பொதுப் பிரிவினருக்கு 750 ரூபாய், பட்டியல் இனத்தவர், பழங்குடியினருக்கு 125 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது என்று நிறுத்தி வைத்தது. நல்ல காலத்தில்தான் வருகிறாய்.)

அப்படியானால் வணிகப் படிப்பு வக்கீலுக்கு வீணா என்றால், இல்லவே இல்லை. என் ஆபீஸில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன்.

நூல் வியாபாரி ஒருவர் வந்தார். திருப்பூர்ப் பக்கம் ஒரு பிரைவேட் லிமிடெட் கம்பெனிக்கு நூல் கொடுத்து, 28 லட்சம் நிலுவை. ‘தருகிறேன், தருகிறேன்’ என்பதிலேயே காலம் ஓடி, கடைசியாகப் பணம் வந்து மூன்று வருஷம் தாண்டிவிட்டது. கடனுக்கு வழக்குப் போட லிமிடேஷன், அதாவது காலக்கெடு, மூன்று வருஷம். ஃபைலைப் பார்த்துவிட்டு, காலம் கடந்த கேஸ் என்று நான் ஓரமாக வைத்தேன். என்னிடம் இருந்த ஜூனியர், கம்பெனி விவகார அமைச்சகத்தின் இணையதளத்தில் நூறு ரூபாய் கட்டி, எதிர்த்தரப்புக் கம்பெனி தாக்கல் செய்திருந்த வருஷாந்திரக் கணக்குகளை இறக்கினார். பேலன்ஸ் ஷீட்டின் பின்னால் குறிப்புகள் இருக்கும், யாரும் படிக்காத பக்கங்கள். அதில் கடன் கொடுத்தவர்கள் பட்டியலில் எங்கள் கட்சிக்காரர் பெயரும், பைசா சுத்தமாக அதே தொகையும் இருந்தன. கீழே இரண்டு டைரக்டர்களின் கையெழுத்து. தேதியைப் பார்த்தால், அந்த மூன்று வருஷம் முடிவதற்கு முன்னால் போட்டது.

கடனை ஒப்புக்கொண்டு காலக்கெடுவுக்குள் எழுத்தில் கையெழுத்துப் போட்டால், அன்றிலிருந்து லிமிடேஷன் புதிதாக ஓடும். அது லிமிடேஷன் சட்டத்தின் 18ஆம் பிரிவு. பேலன்ஸ் ஷீட் பதிவும் அப்படிப்பட்ட ஒப்புதல் ஆகலாம், அதன் குறிப்புகளையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று 2021 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. எல்லாக் கம்பெனியும் பெயர் போட்டுப் பட்டியல் தருவதில்லை. இந்தக் கம்பெனியின் ஆடிட்டர் புண்ணியவான், போட்டிருந்தார். இந்த மாதிரி வணிக வழக்குகளில் அவசரத் தடை எதுவும் கேட்காவிட்டால், கேஸ் போடும் முன்பே சமரசத்துக்குப் போக வேண்டும் என்பது சட்டம். அங்கே அந்தக் காகிதத்தை மேஜையில் வைத்ததும் எதிர்த்தரப்பின் குரல் இறங்கியது. வட்டியை விட்டுக்கொடுத்தோம், அசல் தவணையில் வந்தது.

அந்த ஜூனியர் படித்தது பி.காம்., பிறகு மூன்று வருஷ பி.எல். நடுவில் ஓர் ஆடிட்டர் ஆபீஸில் கொஞ்ச நாள் வவுச்சர் சரிபார்த்திருக்கிறார். பேலன்ஸ் ஷீட்டின் குறிப்புகளைத் தேடிப் போகும் புத்தி அங்கே வந்தது. இதற்கு நேர்மாறாக, என் ஆபீஸிலேயே ஒப்பந்தங்களைப் பிரமாதமாக எழுதும் பெண் வரலாறு படித்தவள். அதனால் பட்டத்தின் பெயருக்கு நான் அதிகம் மதிப்புக் கொடுப்பதில்லை. ஆனால் கட்டாயம் ஒன்றைத் தேர்ந்தெடு என்றால், பி.பி.ஏ.வைவிட பி.காம்., எல்.எல்.பி. என்பேன். கணக்கு படிக்கத் தெரிந்த வக்கீல்கள் குறைவு. மார்க்கெட்டிங் தியரி தெரிந்த வக்கீலுக்கு அதனால் ஒரு கேஸ்கூட வந்ததாக நான் பார்த்ததில்லை.

சரி, ‘கார்ப்பரேட் கம்பெனி கொத்திக்கொண்டு போகும்’ என்கிறார்களே. இதில் உனக்கு யாரும் சொல்லாத ஒன்று இருக்கிறது. பார் கவுன்சில் விதிகளில் 49ஆம் விதிப்படி, முழுநேரச் சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர் வக்கீலாகத் தொழில் செய்ய முடியாது. கம்பெனியில் லீகல் ஆபீசராகச் சேர்ந்தால் பார் கவுன்சிலுக்குத் தெரிவித்து சன்னதை (வக்கீல் தொழில் செய்யும் உரிமத்தை) நிறுத்தி வைக்க வேண்டும். அந்த வருஷங்கள் தொழில் அனுபவமாகக் கணக்கில் ஏறாது. காலையில் கம்பெனி, மத்தியானம் கோர்ட் என்பதெல்லாம் சினிமாவில்தான். ஆகவே, நீ கம்பெனி மேஜையா, கறுப்பு கவுனா? இது பி.பி.ஏ.வா பி.காமா என்பதைவிடப் பெரிய கேள்வி. இன்றைக்கே பதில் சொல்ல வேண்டாம், நாலாம் வருஷத்துக்குள் தெரிந்துவிடும். லீவுகளில் ஒரு தடவை கம்பெனியிலும், ஒரு தடவை கோர்ட் வக்கீலிடமும், ஒரு தடவை ஆடிட்டரிடமும் இன்டர்ன்ஷிப் போ.

பணத்துக்கு வருகிறேன். ஐந்து வருஷம், வருஷத்துக்கு நாலு லட்சம், ஹாஸ்டல் தனி. இருபத்தைந்து லட்சத்தைத் தொட்டுவிடும். கோர்ட்டுக்கு வரும் ஜூனியருக்கு முதல் மூன்று வருஷம் என்ன கிடைக்கும் தெரியுமா? சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000, மற்ற ஊர்களில் 15,000 குறைந்தபட்ச உதவித்தொகை கொடுக்க வேண்டும் என்று 2024இல் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லி, பார் கவுன்சில் சுற்றறிக்கையும் விட்டது. சுற்றறிக்கை எங்கள் நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருக்கிறது. அதைப் படித்துவிட்டு பஸ் காசு மட்டும் வாங்கிக்கொண்டு போகும் பிள்ளைகளையும் தினமும் பார்க்கிறேன். இந்த வருமானத்தில் அந்த லோனுக்குத் தவணை கட்ட முடியாது. கட்ட முடியாததால்தான் பல பேர் பிடிக்காத கம்பெனி வேலையில் போய் உட்காருகிறார்கள். யூனிட்டை அடமானம் வைத்து இந்தப் படிப்பு வேண்டாம். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

உனக்கு வேறு கதவுகள் திறந்திருக்கின்றன. தமிழ்நாடு டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தின் சீர்மிகு சட்டப் பள்ளி சென்னை பெருங்குடியில் இருக்கிறது. அங்கே பி.பி.ஏ., எல்.எல்.பி.யும் உண்டு, பி.காம்., எல்.எல்.பி.யும் உண்டு. நுழைவுத் தேர்வு கிடையாது, பிளஸ் டூ மார்க்தான். 571 நல்ல மார்க். இரண்டுக்கும் விண்ணப்பம் போடு, பி.காமை முதலில் போடு. கூடவே அரசு சட்டக் கல்லூரிகளின் ஐந்து வருஷ பி.ஏ., எல்.எல்.பி.க்கும் போட்டு வை. திருச்சியில் தேசியச் சட்டப் பல்கலைக்கழகம் இருக்கிறது, அங்கேயும் பி.காம்., எல்.எல்.பி. உண்டு. ஆனால் அதற்கு க்ளாட் என்ற நுழைவுத் தேர்வு எழுத வேண்டும், அது டிசம்பரிலேயே முடிந்துவிட்டது. 120 கேள்வி, இரண்டு மணி நேரம், எல்லாம் ஆங்கிலம், தப்புக்குக் கால் மார்க் போகும். வீட்டில் ஒரு வருஷம் காத்திருக்க விடுவார்களா என்பது உனக்குத்தான் தெரியும்.

அப்பா சொல்லும் சி.ஏ. நல்ல படிப்புதான், ஆனால் அதற்குப் பிடிவாதமான ஆசை வேண்டும், உன் கடிதத்தில் அது இல்லை. அவர் மனசு ஆற ஒரு நடு வழி உண்டு. சட்டக் கல்லூரியில் படித்துக்கொண்டே கம்பெனி செக்ரட்டரி (கம்பெனி சட்டப்படி நடக்கிறதா என்று பார்த்துக்கொள்பவர்) படிப்புக்குப் பதிவு செய்து தேர்வு எழுதலாம், பல பிள்ளைகள் செய்கிறார்கள். கம்பெனிச் சட்டம், வரி, கணக்கு எல்லாம் அதில் ஆழமாகவே வரும். பங்கு மூலதனம் பத்து கோடியைத் தொடும் கம்பெனிகள் முழுநேர கம்பெனி செக்ரட்டரியை வைத்தே ஆக வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. நீ தேடும் ‘சட்டமும் பிசினஸும்’ நிஜத்தில் இதுதான் என்பது என் கட்சி. பி.பி.ஏ. என்ற மூன்றெழுத்தைவிட இதற்கு எடை அதிகம்.

அம்மாவிடம் நான் வாதாடப் போவதில்லை, நீயே அவரைக் கூட்டிக்கொண்டு போ. கோர்ட் என்பது யார் வேண்டுமானாலும் போய் உட்காரும் இடம். கரூரில் செக் கேஸ்கள் நடக்கும் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் ஒரு காலை முழுக்கக் கடைசி பெஞ்சில் இருங்கள். கவுன் போட்ட பெண்கள் எத்தனை பேர் என்று அவரே எண்ணட்டும். (எங்கள் நிஜமான புகார் வேறு. சில தாலுகா கோர்ட்டுகளில் பெண்களுக்கு ஒழுங்கான கழிப்பறைக்கு இன்னும் மனுப் போட்டுக்கொண்டிருக்கிறோம்.) உனக்கும் அது ஒரு பரீட்சை. வாய்தா, வாய்தா என்று மத்தியானம் வரை போவதைப் பார்த்து வெறுத்துப்போனால் நல்லது, சீக்கிரம் தெரிந்துவிட்டது.

இன்னொரு பரீட்சையும் இருக்கிறது. அப்பாவின் பீரோவிலிருந்து பழைய பர்ச்சேஸ் ஆர்டர் ஒன்றையும், பில் ஒன்றையும் எடு. ஆர்டரின் பின்பக்கம் எறும்பு மாதிரி எழுத்தில் நிபந்தனைகள் இருக்கும். சரக்கு ரிஜெக்ட் ஆனால் யார் பொறுப்பு, பணம் எத்தனை நாளில், தகராறு வந்தால் எந்த ஊர் கோர்ட் என்று வரி வரியாகப் படி. பில்லின் அடியில் ‘கரூர் நீதிமன்ற எல்லைக்கு உட்பட்டது’ என்று இருக்கும், ஆர்டரில் ‘மும்பை’ என்று இருக்கும். இரண்டில் எது செல்லும் என்று உனக்குள் அரிப்பு எடுத்தால், நீ எந்தப் பட்டத்தோடு வந்தாலும் வக்கீல்தான். பில் போட்டு எத்தனை நாளில் பணம் வந்தது என்றும் பார். அப்பாவுக்கு உத்யம் பதிவு (சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவு) இருந்தால், எழுத்தில் என்ன பேசியிருந்தாலும் 45 நாளுக்குள் பணம் கொடுக்க வேண்டும் என்பது 2006ஆம் வருஷச் சட்டம். தாமதித்தால் ரிசர்வ் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. பதிவு இருக்கிறதா என்று அவரிடம் இன்று ராத்திரியே கேள்.

கேள்வி: பி.காம். முடித்து சென்னையில் ஒரு வங்கியில் வேலை பார்க்கிறேன், வயது 26. வேலையை விடாமல் தபால் வழியில் எல்.எல்.பி. படித்து, லீகல் பிரிவுக்கு மாற முடியுமா?
வாசகர், அம்பத்தூர்.

பதில்: முடியாது தம்பி. தபால் வழிச் சட்டப் பட்டத்தை பார் கவுன்சில் ஏற்பதில்லை. வகுப்புக்கு வந்து படிக்க வேண்டும், வருகைப் பதிவும் வேண்டும். வெளி மாநிலத்தில் ‘வர வேண்டாம், பரீட்சைக்கு மட்டும் வந்தால் போதும்’ என்று கூப்பிடும் இடங்கள் இருக்கின்றன. பதிவுக்கு வரும்போது மாட்டிக்கொள்வீர்கள், பணமும் போகும். வேலையை விட முடியாதென்றால், மேலே சொன்ன கம்பெனி செக்ரட்டரி படிப்பை யோசியுங்கள். தேர்வுகளை வேலையில் இருந்தபடியே எழுதலாம், பயிற்சிக் காலம் வரும்போது மட்டும் வேலையை என்ன செய்வது என்று முடிவெடுக்க வேண்டியிருக்கும்.

கேள்வி: நாலாம் வருஷம் பி.பி.ஏ., எல்.எல்.பி. படிக்கிறேன். முடித்த கையோடு எம்.பி.ஏ. போகலாமா? அமெரிக்காவில் சட்டமும் எம்.பி.ஏ.வும் சேர்ந்த படிப்பு இருக்கிறதாமே, அது இதைவிட மேலானதா?
மாணவி, தஞ்சாவூர்.

பதில்: அமெரிக்காவில் சட்டம் என்பதே டிகிரி முடித்தவர்கள் படிக்கும் மூன்று வருஷப் படிப்பு. அதோடு எம்.பி.ஏ. சேர்ந்தால் பொதுவாக நாலு வருஷம். நார்த்வெஸ்டர்ன், பென்சில்வேனியா போன்ற சில இடங்களில் மூன்று வருஷத்தில் முடிக்கிறார்கள். நம் ஊர் ஐந்து வருஷப் படிப்போடு அதை ஒப்பிடவே கூடாது, பிளஸ் டூ முடித்த பிள்ளை ஒரு பக்கம், வேலை பார்த்துவிட்டு வந்த ஆள் இன்னொரு பக்கம். செலவைக் கேட்டால் தலை சுற்றும்.

இங்கே எம்.பி.ஏ.வுக்கு அவசரம் வேண்டாம். இரண்டு மூன்று வருஷம் வேலை பாருங்கள். திவால் சட்டம் 2016இல் வந்த பிறகு கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயத்தில் வேலை குவிகிறது. கம்பெனி யாருக்கு எவ்வளவு கடன், யார் வாங்க வருகிறார், எந்தக் கடன்காரர் எவ்வளவு விட்டுக்கொடுக்கிறார் என்று தினமும் பார்க்கலாம். வகுப்பில் கேஸ் ஸ்டடி என்று படிப்பது அங்கே நிஜக் கோபத்தோடும் கண்ணீரோடும் நடக்கும். அதைப் பார்த்த பிறகும் எம்.பி.ஏ. வேண்டும் என்று தோன்றினால் அதற்கான நுழைவுத் தேர்வான கேட் (CAT) எழுதுங்கள்.

கேள்வி: என் மகள் பி.பி.ஏ., எல்.எல்.பி. முடித்துவிட்டாள். சிவில் நீதிபதி தேர்வு எழுத ஆசை. பி.பி.ஏ. படித்ததால் தடை உண்டா? ஒரு கம்பெனியில் லீகல் வேலைக்கும் கூப்பிடுகிறார்கள், தேர்வு வரும்வரை போகட்டுமா?
வாசகி, விருதுநகர்.

பதில்: பி.பி.ஏ.வால் எந்தத் தடையும் இல்லை. ஆனால் 2025 மே 20ஆம் தேதித் தீர்ப்பில், சிவில் நீதிபதி தேர்வு எழுத மூன்று வருஷம் வக்கீல் தொழில் செய்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பார் கவுன்சிலில் தற்காலிகமாகப் பதிவு செய்த தேதியிலிருந்தே கணக்கு வரும், நீதிபதிகளிடம் லா கிளார்க்காக இருந்த காலமும் சேரும். கம்பெனிச் சம்பளம் வாங்கிய காலம் சேராது, மேலே சொன்ன 49ஆம் விதியைப் பாருங்கள். ஆகவே கம்பெனி வேலை வேண்டாம். இந்த மாதமே பார் கவுன்சிலில் பதிவு செய்துவிட்டு, விருதுநகர் மாவட்ட நீதிமன்றத்தில் நல்ல சிவில் வக்கீல் ஒருவரிடம் சேரட்டும். அவர் பத்து வருஷத்துக்கு மேல் தொழில் செய்தவராக இருக்க வேண்டும். மூன்று வருஷம் கழித்து அனுபவச் சான்றிதழ் கொடுக்க அப்படிப்பட்டவரின் கையெழுத்துதான் செல்லும், அதன் மேல் நீதிபதியின் ஒப்புதலும் வேண்டும். ஆஜரான கேஸ் நம்பர்களை ஒரு டைரியில் தேதியோடு குறித்து வரச் சொல்லுங்கள்.